தேவாலாப் பொற்சுரங்கம்

பொன் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் விரிந்த பொருள் உண்டு. செம்பும் இரும்பும் ஈயமும் வெள்ளியும் தங்கமும் ஆகிய ஐந்தையும் ஐம்பொன் என்றனர் நம் முன்னோர். பின்னர் அச்சொல் அவ்வைந்தனுள் சிறந்த ஒன்றற்கே உரியதாயிற்று. சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் எனப் பொன்னை நால்வகைப்படுத்திக் கூறும் சிலப்பதிகாரம். ஒரு பொருளின் வகைகளை இவ்வளவு நுட்பமாக அறிந்திருந்த மக்கள், அது கிடைக்கும் இடங்களையும் தேடியே இருப்பர்.

பொற்சுரங்கம் என்றவுடன் யாவர்க்கும் கோலார் நினைவிற்கு வரும். கோலார் கருநாடக மாநிலத்தில் உள்ளது. அங்குள்ள சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் மூடப்பெற்றன. தமிழ்நாட்டின் எல்லைக்குள்ளேயே, நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், தேவாலா, பந்தலூர் என்னும் மலையூர்களைச் சூழ்ந்து பொற்சுரங்கங்கள் இருந்தன என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. ஒரு காலத்தில் இலண்டன் மாநகரச் செல்வர்களின் கண்களெல்லாம் அம்மலைமேல் பதிந்திருந்தன. இன்று அங்கே காடும் தேயிலைத் தோட்டங்களும் இருண்ட குழிகளுமே காணப்படுகின்றன.

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டையிலிருந்து மாணவ மாணவியர் பதினொருவர், தம் வரலாற்று ஆசிரியருடன் அவ்விடங்களைக் காணப் புறப்பட்டனர். சென்னையில் இரவு நீலகிரி விரைவு வண்டியில் ஏறியதும், ஒரு மாணவன், “ஐயா! நம் ஊரில் இல்லாத வரலாறா? இவ்வளவு தொலைவு போக வேண்டுமா?” என்று கேட்டான். ஆசிரியர் நகைத்து, “நம் ஊரின் பெயர் எப்படி வந்தது என்று நீயே சொல்” என்றார். அவன் விழித்தான். 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட் என்பவர். கும்பினிக்குத் துணி வேண்டியிருந்தது. நெசவாளர் குடும்பங்களைக் கொணர்ந்து அவர் குடியேற்றிய ஊர் காலெட்பேட்டை எனப்பட்டது. மக்கள் நாவில் தேய்ந்து அது காலடிப்பேட்டை ஆயிற்று. “துணி தேடி வந்தவர் பெயர் நம் ஊரில் நிலைத்தது. பொன் தேடி வந்தவர்கள் மலையில் விட்டுச் சென்றவை எவை என்று பார்த்து வருவோம்” என்றார் ஆசிரியர்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கும், உதகையிலிருந்து கூடலூருக்கும் பேருந்தில் சென்றனர். உதகையில் குளிர் எலும்பைத் துளைத்தது. நடுவட்டத்தைக் கடந்து வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் குளிர் படிப்படியாகக் குறைந்து, காற்றில் ஈரமும் பசுமையும் கலந்த மணம் ஏறியது. கூடலூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. உதகை, மைசூர், வயநாடு, நிலம்பூர் ஆகிய நான்கு திசைகளிலிருந்தும் வரும் பாதைகள் அங்கே கூடுகின்றன. பெயருக்கேற்ற ஊர்தான்.

பழைய சுரங்கங்கள் பெருஞ்சாலையை ஒட்டியவை அல்ல. தோட்டங்களின் ஊடே செல்லும் மண்பாதைகளும், மழையால் அரிக்கப்பட்டுப் பள்ளமும் பாறையுமாகக் கிடக்கும் காட்டுவழிகளுமே அவற்றிற்கு இட்டுச் செல்லும். அத்தகைய வழியில் செல்லத்தக்க வண்டி ஜீப் ஒன்றே. கூடலூரில் ஆசிரியர் இரண்டு ஜீப்புகளை அமர்த்தினார். முன் வண்டியை ஓட்டியவர் நாற்பது அகவை மதிக்கத்தக்கவர். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். அவ்வாறு திரும்பியோர்க்கு வாழ்வளிக்கும் பொருட்டே 1968-இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை இப்பகுதியில் அமைக்கத் தொடங்கியது. பந்தலூரையும் சேரம்பாடியையும் சூழ்ந்து இன்று தமிழ் பேசும் குடும்பங்கள் பல வாழ்வதற்கு அதுவே காரணம்.

நாடுகாணியைக் கடந்து தேவாலாவை அணுகியதும் வண்டிகள் தார்ச்சாலையை விட்டு இறங்கின. முதல் நாள் பெய்த மழையால் செம்மண் களியாகக் குழைந்து கிடந்தது. தேவாலா தமிழ்நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து சுமந்து வரும் முகிலெல்லாம் முதலில் மோதுவது இச்சரிவுகளிலேதான். செங்குத்தான ஓரிடத்தில் வண்டியின் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று சேற்றை வாரி இறைத்தன. ஓட்டுநர் சற்றும் பதறாமல் சிறு நெம்புகோல் ஒன்றை இழுத்தார். வண்டி ஒருமுறை உறுமிவிட்டு, பாறையைப் பற்றும் உடும்பைப்போல மெல்ல மெல்ல மேலேறியது.

“அண்ணா! இப்போது என்ன செய்தீர்கள்?” என்று ஒரு மாணவி வியப்புடன் வினவினாள். ஓட்டுநர் விடை கூறுவதற்குள், எண்ணூர் வண்டித் தொழிற்சாலையில் பணிபுரிபவரின் மகனான மாணவன் முந்திக்கொண்டான். பெரும்பாலான வண்டிகளில் பொறியின் விசை முன்னிரு சக்கரங்களுக்கோ பின்னிரு சக்கரங்களுக்கோ மட்டுமே செல்லும். அவை வழுக்கினால் வண்டி நின்றுவிடும். ஜீப்பிலோ அந்நெம்புகோலை இழுத்ததும் நான்கு சக்கரங்களுக்கும் விசை பகிர்ந்து செல்லும். இரண்டு வழுக்கினாலும் மற்றவை நிலத்தைப் பற்றிக்கொள்ளும். பற்சக்கரங்களை மாற்றி வேகத்தைக் குறைத்தால் இழுக்கும் ஆற்றல் பெருகும். அடித்தட்டு உயர்ந்திருப்பதால் கற்களும் வேர்களும் தட்டுவதில்லை. இவ்வளவையும் அவன் மூச்சுவிடாமல் கூறி முடித்தான். “எண்ணூர்க்காரர் பிள்ளை என்பதைக் காட்டிவிட்டாய்” என்று ஓட்டுநர் பாராட்டினார். இரண்டாம் உலகப் போரில் படைகளுக்காக 1941 முதல் பெருவாரியாகச் செய்யப்பெற்ற இவ்வண்டி, இந்தியா விடுதலை பெற்றபின் மும்பையில் பொருத்தப்பெற்று, நாட்டின் மலையூர்களுக்கெல்லாம் பரவியது. இரயிலும் பேருந்தும் செல்லா ஊர்களில் நோயாளியையும் அரிசி மூட்டையையும் மணமகளையும் ஏற்றிச் செல்வது இதுவே.

சற்றுத் தொலைவில் ஓடை ஒன்று குறுக்கிட்டது. வண்டிகளை நிறுத்தி யாவரும் இறங்கினர். ஆசிரியர் ஓடை மணலைக் கையில் அள்ளி, அம்மலையின் கதையை அங்கிருந்தே தொடங்கினார்.

ஐரோப்பியர் வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இம்மலைவாழ் பழங்குடிகளாகிய குறும்பரும் பணியரும் ஓடை மணலிலிருந்து பொன் எடுத்து வந்தனர். மணலை மரத்தட்டில் இட்டு, நீரில் அமிழ்த்திச் சுழற்றுவர். பொன், நீரைப்போல் 19 மடங்கு கனமுடையது. சாதாரண மணலோ நீரைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கே கனமுள்ளது. ஆதலின் சுழற்றச் சுழற்ற மணல் நீரோடு வழிந்துபோகும். அடியில் கரும்பொடியும் அதன் விளிம்பில் மஞ்சள் துகள் ஒன்றிரண்டும் தங்கும்.

பொற்கொல்லர் ஒருவரின் மகளான மாணவி உடனே, “ஐயா, எங்கள் தெருவிலும் அரிப்புக்காரர் இதைத்தான் செய்வார்கள். கடைகளின் குப்பையையும் வாய்க்கால் மண்ணையும் அள்ளிச் சென்று அரிப்பார்கள். கூட்டிப் பெருக்கும் குப்பையைக்கூட என் தந்தையார் எறிவதில்லை” என்றாள். ஆசிரியர், “மிக நன்று. அரிப்புக்காரர் ஒரு நாள் முழுதும் அரித்தால் ஒரு நாள் கூலிக்குரிய பொன் கிடைக்கலாம். இங்கிருந்த பழங்குடிகளுக்கும் அவ்வளவே கிடைத்தது. இம்மலை எவ்வளவு கொடுக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை” என்றார்.

ஓடையிலுள்ள பொன் மலையிலிருந்துதானே வந்திருத்தல் வேண்டும்? அந்த எண்ணமே வெள்ளையரை மலைமேல் ஏற்றியது. 1831-ஆம் ஆண்டிலேயே நிக்கல்சன் என்னும் படையலுவலர் இப்பகுதியில் பொன் உளதா என ஆராய அனுப்பப்பட்டார். அம்முயற்சி பெரும்பயன் தரவில்லை. பின்னர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1851-இல் பெரும் பொன்வயல்கள் கண்டறியப்பட்டன. அங்குத் தொழில் பழகியவர் சிலர் வயநாட்டிற்கு வந்தபோது, இங்குள்ள பாறைகளும் அங்குள்ளவை போன்றே இருப்பதைக் கண்டனர். பண்டைக் காலத்தில் யாரோ தோண்டிக் கைவிட்ட குழிகளும் காட்டினுள் ஆங்காங்கே இருந்தன. அக்குழிகளே பொன் உள்ள இடத்திற்கு வழிகாட்டிகள் ஆயின. 1874-இல் ஆல்பா என்னும் பெயருடன் ஒரு சிறு நிறுவனம் தேவாலாவிற்கு அருகில் வேலை தொடங்கியது.

“பாறையில் பொன் எப்படி இருக்கும்? கட்டி கட்டியாகவா?” என்று கேட்டான் ஒருவன்.

ஆசிரியர் குனிந்து பாதையோரத்தில் கிடந்த வெண்ணிறக் கல்லொன்றை எடுத்தார். “இதனை அறியாதார் உண்டோ?” என்றார். “வெங்கச்சங்கல்!” என்று பல குரல்கள் எழுந்தன. இருட்டில் இரண்டு கற்களை உரசினால் ஒளி தெறிக்கும் அந்தக் கல்லோடு விளையாடாத சிறுவர் இலர். புவியியலார் இதனைக் குவார்ட்சு என்பர். மிகப் பழங்காலத்தில் நிலத்தின் ஆழத்திலிருந்து கொதிநீர் பாறைப் பிளவுகளினூடே மேலேறியபோது, அதில் கரைந்திருந்த பொருள்கள் பிளவுகளில் படிந்து இறுகின. அவ்வாறு இறுகிய வெண்கல் நரம்புகளில் பொன்னும் சிறிதளவு கலந்திருக்கும். கண்ணுக்குப் புலப்படும் அளவில் இருப்பது அரிது. ஒரு டன் கல்லில் சில கிராம் பொன் இருந்தாலே அது நல்ல சுரங்கம் எனப்படும். ஒரு சிறு மோதிரத்திற்கு வேண்டிய பொன்னுக்காக ஒரு வண்டிக் கல்லை உடைத்து மாவாக்குதல் வேண்டும்.

உடைக்கும் முறையும் எளிதன்று. இரும்பு உலக்கைகளை வரிசையாக நிறுத்தி, நீராவியாலோ நீர்விசையாலோ அவற்றை உயர்த்தி உயர்த்தி விழச் செய்வர். நம் இல்லங்களில் நெல் குற்றுவதைப் பேருருவில் எண்ணிக்கொள்ளலாம். அவ்வாறு இடித்த கல்மாவை, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மீது நீரோடு ஓடவிடுவர். பொன்னைக் கண்டால் விடாது பற்றிக்கொள்ளும் இயல்பு பாதரசத்திற்கு உண்டு. பின்னர் அக்கலவையைச் சுரண்டி எடுத்துச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் எஞ்சும். அந்த ஆவி கொடிய நஞ்சு. இதனைக் கூறும்போது ஓட்டுநர் தலையசைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், பின் அடக்கிக்கொண்டார்.

1877-இல் தென்கிழக்கு வயநாடு மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பெற்று நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. இரண்டாண்டுகள் கழித்து, விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரௌ ஸ்மித் என்னும் வல்லுநரை இந்திய அரசு வரவழைத்தது. அவர் காடெல்லாம் அலைந்து கற்களைப் பொறுக்கி ஆய்ந்து 1880-இல் அறிக்கை ஒன்றை வெளியிட்டார். பொன் உண்டு, முறையாகத் தோண்டினால் பயன் தரும் என்பது அதன் சாரம். அவ்வளவே வேண்டியிருந்தது. இலண்டனில் நிறுவனங்கள் மழைக்காளான்போல் முளைத்தன. சிறிது காலத்திற்குள் 41 நிறுவனங்கள். அவற்றின் பெயரளவு முதல் ஏறக்குறைய 50 இலட்சம் பவுன்!

இவ்விடத்தில் ஆசிரியர் நின்று, “பவுன் என்றால் என்ன?” என்று கேட்டார். “எட்டுக் கிராம்” என்றாள் பொற்கொல்லர் மகள். அது நம் வழக்கு. உண்மையில் பவுன் என்பது ஆங்கிலேயரின் பணத்திற்கும் அவர்தம் பொற்காசிற்கும் பெயர். அக்காசின் எடை ஏறக்குறைய எட்டுக் கிராம். அதிலுள்ள தூய பொன் 7.3 கிராம். அந்தக் காசின் எடையே நம் நகைக்கடைகளில் அளவாக நிலைத்துவிட்டது. “அப்படியாயின் 50 இலட்சம் பவுனில் எவ்வளவு பொன்?” மாணவர் விரல்விட்டும் தாளில் எழுதியும் கணக்கிட்டனர். முப்பத்தாறு டன்னுக்கு மேல் என்று விடை வந்தது. “மலையிலிருந்து ஒரு பிடி பொன் எடுப்பதற்குமுன் மக்கள் பையிலிருந்து அவ்வளவு பொன்னுக்குரிய பணத்தைக் கேட்டுவிட்டார்கள்” என்றார் ஆசிரியர்.

இந்தப் பரபரப்பிற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதனைச் சொல்லாது விட்டால் கதை விளங்காது. வயநாட்டில் அப்போது வெள்ளையர்கள் காப்பித் தோட்டம் வைத்திருந்தனர். தண்டு துளைக்கும் புழுவும், இலங்கையில் 1869-இல் தோன்றிப் பரவிய இலைத்துரு நோயும் காப்பிச் செடிகளை அழித்தன. கடனில் மூழ்கிய தோட்ட உரிமையாளர்க்குப் பொன்பற்றிய பேச்சு வானத்து அமுதம் ஆயிற்று. செத்துப்போன தோட்டத்தைச் சுரங்க நிலம் எனப் பெயரிட்டுப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். கடல் கடந்து இருந்த பங்குதாரர் பலர் நிலத்தைக் கண்ணால் கண்டவருமல்லர். அவர்கள் தந்த முதலில் பெரும்பகுதி நிலத்தின் விலையாகவே கரைந்தது. சுரங்கம் தோண்டவும் பொறி நிறுவவும் எஞ்சியது குறைவு. பொன் எடுக்காமலேயே பொன் ஈட்டியவர் அந்த மலையில் அவர்களே எனலாம்.

தேவாலாவும் பந்தலூரும் ஓரிரு ஆண்டுகள் நகரம்போல் விளங்கின. விடுதிகளும் கடைகளும் எழுந்தன. கப்பலில் வந்த இடிபொறிகள் மாட்டு வண்டிகளிலும் மனிதர் தோளிலும் மலையேறின. இன்று ஜீப் திணறும் சரிவுகளில் டன் கணக்கான இரும்பை இழுத்தவர் யார்? அவர்தம் பெயர்களை எந்த நிறுவனமும் எழுதிவைக்கவில்லை. மழையும் குளிர்காய்ச்சலும் அவர்களை வாட்டின என்பது மட்டும் அறியத்தக்கது. வயநாடு அக்காலத்தில் மலேரியாவிற்குப் பேர்போன இடம்.

பொறிகள் ஓடத் தொடங்கிக் கல்லை இடித்ததும் உண்மை வெளிப்பட்டது. எதிர்பார்த்த அளவில் பொன் கிடைக்கவில்லை. வல்லுநர் கண்ட பொன் எங்கே போயிற்று? மேற்பரப்பிலுள்ள பாறை பல்லாயிரம் ஆண்டுகள் மழையில் ஊறிச் சிதைந்து, கரைவன கரைந்துபோக, கரையாத பொன் அங்கேயே தங்கிச் செறிந்திருக்கும். மேலே எடுத்த கல்லைக்கொண்டு கீழே உள்ளதை மதிப்பிட்டால் பிழை நேரும். ஆழத்தில் பொன் குறைந்தது. இருந்த பொன்னும் கந்தகம் கலந்த தாதுக்களில் சிக்கிக் கிடந்தமையால் பாதரசத்திற்கு எளிதில் அகப்படவில்லை. அத்தகைய பொன்னைப் பிரிக்க உதவிய சயனைடு முறை கிளாஸ்கோவில் 1887-இல்தான் கண்டறியப்பட்டது. அதற்குள் வயநாட்டு நிறுவனங்களுள் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. 1901-இல் ஹேடன், ஹாட்ச் என்னும் புவியியலார் இருவர் மீண்டும் முறையாக ஆய்ந்து, ஆதாயம் தரும் அளவில் இங்குப் பொன் இல்லை என முடிவு கூறினர்.

கோலாரில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். அங்கும் 1880-ஐ ஒட்டி இதே பரபரப்பு. அங்கும் முதல் முயற்சிகள் தோல்வி. முதலெல்லாம் தீர்ந்து மூடும் நிலைக்கு வந்த மைசூர் நிறுவனத்தில், ஜான் டெய்லர் நிறுவனத்தார் பண்டைக் குழிகளின் அடியில் விடாது தோண்டிச் சாம்பியன் நரம்பு என்னும் வளமிக்க பொன்னரம்பைக் கண்டனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஏறக்குறைய 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேற்பட்ட பொன் அங்கே எடுக்கப்பட்டது. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தது. அந்த ஆழத்தில் வெப்பத்திலும் தூசியிலும் உழைத்தவருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர். ஒரே முயற்சி ஓரிடத்தில் வெற்றியும் மற்றோரிடத்தில் வீழ்ச்சியுமாக முடிந்ததற்குக் காரணம் மனிதர் மட்டுமல்லர். பாறையின் வேறுபாடே பெரிது.

கதை இவ்வளவில் நிற்க, வண்டிகள் மீண்டும் புறப்பட்டன. தேயிலைச் செடிகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, சற்று நேரம் செவிசாய்த்துக் கேட்டார். யானை நடமாட்டம் உள்ள இடம் அது. மூங்கில் முறியும் ஒலி இல்லை என்று தெளிந்த பின்னரே இறங்கச் சொன்னார். நூறடி நடந்ததும் பாறைச் சரிவில் குகை வாய் ஒன்று தென்பட்டது. ஆள் உயரம், இரு கை விரித்த அகலம். உளி பட்ட தடம் சுவரில் இன்னும் தெரிந்தது. வாயில் முழுதும் பெரணிகள் அடர்ந்திருந்தன. உள்ளிருந்து குளிர்ந்த ஈரக்காற்று மெல்ல வீசியது. சில அடிகளுக்கு அப்பால் வேலியிட்டு அடைத்திருந்தும், ஒரு பக்கம் வேலி பெயர்க்கப்பட்டிருந்தது. தரையில் புதிதாக உடைத்த வெண்கற்கள் கிடந்தன.

எண்ணூர்ப் பணியாளரின் மகன் தன் கைப்பேசி விளக்கை ஏற்றிக்கொண்டு ஓரடி முன்வைத்தான். மறுகணம் ஓட்டுநரின் கை அவன் தோளை இறுகப் பற்றியது.

“உள்ளே போகாதே, தம்பி.”

“சும்மா எட்டிப் பார்க்கிறேன், அண்ணா.”

“எட்டிப் பார்க்கப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிடவில்லை.”

யாவரும் அமைதியாயினர். ஓட்டுநர் தாழ்ந்த குரலில் கூறினார். தேயிலைக்கு நல்ல விலை இல்லாத நாள்களில், கூலி போதாத குடும்பத்து இளைஞர் சிலர் இரவில் இக்குழிகளுக்குள் இறங்குகின்றனர். வெண்கல்லை உடைத்து மூட்டையில் கட்டி எடுத்துச் சென்று, வீட்டிலேயே இடித்துப் பாதரசம் இட்டு, அடுப்பில் காய்ச்சுகின்றனர். குழந்தைகள் உறங்கும் அறையிலேயே அந்த ஆவி பரவும். சட்டம் இதனைத் தடுக்கிறது; காவலரும் குழிகளை அடைக்கின்றனர். ஆயினும் ஓரிடத்தில் அடைத்தால் வேறோரிடத்தில் திறக்கப்படுகிறது.

“என் பள்ளித் தோழன் ஒருவன் இருந்தான், ஐயா. வகுப்பில் முதல் மாணவன். அவன் தந்தையாருக்கு நோய் வந்தது. மருத்துவச் செலவிற்குப் பணம் வேண்டியிருந்தது. குழியில் நீர் நின்றதால் எண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் பொறியை உள்ளே இறக்கி ஓட்டினார்கள். இவன் அதனை நிறுத்த இறங்கினான். மேலே வரவில்லை. மேலே இருந்தவர்கள் அவன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார்களாம்.”

ஆசிரியர் அதன் காரணத்தை விளக்கினார். காற்றோட்டமில்லாத குழியில் உயிர்வளி குறைந்து, கரியமிலக் காற்று அடியில் தேங்கும். பொறி ஓடினால் வெளிவரும் புகையில் கரியோரக வளி என்னும் நஞ்சு கலந்திருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சுவாசிப்பவன் தான் மயங்குவதையும் அறியான். கோலார் போன்ற பெருஞ்சுரங்கங்களில் வெளிக்காற்றை உட்செலுத்தும் விசிறிகளும் தனி வாயில்களும் இருந்தன. இங்கோ அவை ஒன்றும் இல்லை. மழையில் ஊறிய கூரை எப்போது விழும் என்பதையும் யாரும் கூறல் இயலாது. ஒருவன் மயங்கியதைக் கண்டு அவனை மீட்க இறங்கும் இரண்டாமவனும் மூன்றாமவனும் அதே கதிக்கு ஆளாவதே இத்தகைய இடங்களில் பெருங்கொடுமை.

மாணவன் விளக்கை அணைத்துக் கைப்பேசியைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டான். “அந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், அண்ணா?” என்று கேட்டான்.

“அவன் தாயார் இருக்கிறார். தங்கை தேயிலை பறிக்கிறாள். மழைக் காலத்தில் கூரைக்குத் தார்ப்பாய் கொண்டுபோய்க் கொடுப்பேன்” என்று கூறி, ஓட்டுநர் வண்டியை நோக்கி நடந்தார்.

திரும்பும் வழியில், காட்டினுள் துருப்பிடித்த இரும்புத் துண்டொன்று வேர்களுக்கிடையே பாதி புதைந்து கிடப்பதைக் கண்டனர். கைவிடப்பட்ட சுரங்கப் பொறிகள் பல இவ்வாறே காட்டில் கிடந்து அழிந்தன. இது அவற்றுள் ஒன்றோ, தோட்டத்தார் எறிந்த வேறு பொருளோ எனப் பிரித்தறிய இயலவில்லை. எனினும் மாணவர் அதனைச் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தனர்.

அப்போது பின் வண்டியில் வந்த சிறுவன் ஒருவன் ஓடி வந்து தன் கையை விரித்தான். அவன் பொறுக்கிய வெண்கல்லில் மஞ்சள் நிறப் புள்ளிகள் பளபளத்தன. “பொன்! பொன்!” என்று கூச்சல் எழுந்தது. ஓட்டுநர் வாய்விட்டுச் சிரித்தார். பொற்கொல்லர் மகள் அதனை வாங்கிப் பகலொளியில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “பொன்னானால் எப்பக்கம் திருப்பினாலும் ஒரே நிறமாக இருக்கும். இது ஒரு பக்கம் மின்னுகிறது, ஒரு பக்கம் கறுக்கிறது. சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம், பொன் தட்டையாகும், உடையாது” என்றாள். வண்டியிலிருந்த சுத்தியலை ஓட்டுநர் எடுத்துத் தந்தார். ஒரு தட்டில் மஞ்சள் புள்ளிகள் கரும்பொடியாய் உதிர்ந்தன; கந்தக மணம் சிறிது எழுந்தது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட்டு என்னும் தாது அது என்றார் ஆசிரியர். வயநாட்டுச் சுரங்கங்களில் பொன்னைத் தன்னுள் சிறைவைத்து ஏமாற்றிய தாதுக்களுள் அதுவும் ஒன்று.

சிறுவன் முகம் வாடியது. ஆயினும் அப்பொடியைத் தாளில் மடித்து வைத்துக்கொண்டான். மழைத்துளிகள் பெரிது பெரிதாக விழத் தொடங்கின. ஓட்டுநர்கள் விரைந்து தார்ப்பாய்களை இழுத்துக் கட்டினர். நெம்புகோலை மீண்டும் இழுத்து, சேற்றில் நான்கு சக்கரங்களும் பற்ற, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தேவாலாச் சாலையை நோக்கி இறங்கின.